நகரும் அதிர்வெண்: ஸ்கேனரிலேயே பிடித்துக்கொள்வதா, பிறகு கணினியில் திருத்துவதா?

எம்ஆர்ஐ ஸ்கேனரை வைத்தே மூளையில் உள்ள வேதிப்பொருள்களை அளக்கும் முறை எம்ஆர்எஸ். அந்தத் தரவு கைக்கு வந்ததும் நான் முதலில் திறப்பது ஒரு படத்தை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தை அப்புறம்தான் பார்ப்பேன். ஒவ்வொரு அளவீட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, சிக்னலின் உயரத்தை நிறமாக மாற்றி வரைந்த படம் அது. 3.03 பிபிஎம்மில் (அதிர்வெண்ணின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்) கிரியேட்டின் என்ற வேதிப்பொருள் ஒரு கோடாகத் தெரியும், 3.2-இல் கோலின் என்ற வேதிப்பொருள் இன்னொரு கோடு. நல்ல நாளில் இரண்டும் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டதுபோல நேராக இறங்கும். சில நாள் இரண்டும் சேர்ந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். நடுவில் எங்காவது வெடுக்கென்று ஒரு படி இருக்கும். அந்தப் படி, படுத்திருந்தவர் தலையை அசைத்த இடம். சாய்வுக்குக் காரணம் காந்தம்.

அந்தச் சாய்வைத்தான் அதிர்வெண் நகர்வு என்கிறோம். "இதைச் சரிசெய்ய எந்த மென்பொருள் நல்லது?" என்று ஆய்வு மாணவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் கீழே வருகிறது. ஆனால் அந்தக் கேள்வி வரும்போது பெரும்பாலும் ஸ்கேன் எல்லாம் முடிந்திருக்கும். சில விஷயங்களை அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. எதை மீட்கலாம், எதை முடியாது என்று தெரிந்தால்தான் எந்த வழி தனக்குப் போதும் என்று ஒருவர் முடிவெடுக்க முடியும்.

3 டெஸ்லா காந்தத்தில் புரோட்டானின் அதிர்வெண் ஏறக்குறைய 127.7 மெகாஹெர்ட்ஸ். ஒரு பிபிஎம் என்பது சுமார் 128 ஹெர்ட்ஸ். பத்து ஹெர்ட்ஸ் நகர்ந்தது என்றால் 12 கோடியே 77 லட்சத்தில் பத்து நகர்ந்தது என்று பொருள். காந்தம் செய்தவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆனால் நமக்கு அந்தப் பத்தே பெரிது, ஏனென்றால் நல்ல ஷிம் செய்த (காந்தப்புலத்தைச் சீராக்கிய) வோக்ஸலில், அதாவது நாம் அளக்கும் கனப் பகுதியில், கிரியேட்டின் பீக்கின் (ஸ்பெக்ட்ரத்தில் அதன் முகட்டின்) அகலமே ஆறேழு ஹெர்ட்ஸ்தான்.

நகர்வுக்கு முக்கியக் காரணம் சூடு. எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைப் படமெடுப்பது), டிஃப்யூஷன் (நீர் பரவுவதைப் படமெடுப்பது) போன்ற ஸ்கேன்களில், புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கிரேடியன்ட் சுருள்கள் விடாமல் வேலை செய்து சூடாகின்றன. அந்தச் சூடு, காந்தப்புலத்தைச் சீராக்கப் பக்கத்திலேயே பொருத்தியிருக்கும் ஷிம் இரும்புத் துண்டுகளுக்குப் போகிறது. சூடேறிய இரும்பின் காந்தத்தன்மை கொஞ்சம் குறையும், அதோடு புலமும் மாறும். எஃப்எம்ஆர்ஐ முடிந்த நொடியில் இது நின்றுவிடாது. இரும்பு மெதுவாக ஆறும், ஆறுகிற நேரமெல்லாம் புலம் நகர்ந்துகொண்டே இருக்கும். எம்ஆர்எஸ் கிரேடியன்ட்டை அதிகம் வதைக்கிற ஸ்கேன் இல்லை. முந்தைய ஸ்கேனின் சூட்டைத்தான் அது வாங்கிக்கொள்கிறது.

2021-இல் நியூரோஇமேஜ் இதழில் வந்த ஒரு கூட்டு ஆய்வு, 80 இடங்களில் இருந்த 99 ஸ்கேனர்களில் இதை அளந்தது. எல்லாம் 3 டெஸ்லா, மூன்று பெரிய நிறுவனங்களின் கருவிகள். ஃபேன்டத்தை (ஆளுக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருளை) வைத்து முதலில் சிறிது நேரம் நீரின் சிக்னலை அளந்தார்கள், பிறகு பத்து நிமிடம் எஃப்எம்ஆர்ஐ, பிறகு மறுபடி நீண்ட நேரம் நீர். கருவிக்குக் கருவி நகர்வு வெகுவாக மாறியது. அதனால் "எங்கள் ஊர் ஸ்கேனரில் நகர்வு எவ்வளவு?" என்ற கேள்விக்குப் பக்கத்து ஊர் ஸ்கேனரின் எண் பதில் ஆகாது.

நகர்வு எதையெல்லாம் கெடுக்கிறது?

மூளையில் நரம்புச் செய்திகளை அடக்கும் வேதிப்பொருளான காபாவை எடுத்துக்கொள்வோம். நகர்வு ரொம்பக் கடிக்கிற இடம் அதுதான். காபாவின் ஒரு சிக்னல் 3.02 பிபிஎம்மில், கிரியேட்டினுக்கு நேர் அடியில் ஒளிந்திருக்கிறது. கிரியேட்டின் அதைவிடப் பல மடங்கு பெரியது. 1998-இல் மெஷரும் கூட்டாளிகளும் வெளியிட்ட மெகா-பிரெஸ் முறை இதற்கு ஒரு வழி செய்தது: 1.9 பிபிஎம்மில் எடிட்டிங் பல்ஸ் (அந்த அதிர்வெண்ணைக் குறிவைக்கும் ரேடியோ துடிப்பு, அதனோடு இணைந்த 3.02 காபா சிக்னலின் வடிவத்தை மாற்றும்) கொடுத்து ஓர் அளவீடு, அது ஆன். அங்கே கொடுக்காமல் இன்னோர் அளவீடு, அது ஆஃப். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டிலும் ஒரேபோல இருக்கும் கிரியேட்டின் காணாமல் போகும், காபா மிஞ்சும். வழக்கமாக 30 மி.மீ. கன வோக்ஸலில், 2 விநாடிக்கு ஒன்று வீதம் 320 அளவீடுகள் எடுப்போம். 10 நிமிடம் 40 விநாடி ஆகும்.

நிமிடத்துக்கு ஒரு ஹெர்ட்ஸ் வீதம் நகரும் ஒரு ஸ்கேனரில் இதைச் செய்கிறோம் என்று வையுங்கள்.

முதலில் பீக் அகலமாகும். பத்துக்கு மேற்பட்ட ஹெர்ட்ஸ் தூரத்துக்கு இழுத்துத் தேய்த்த ஸ்பெக்ட்ரங்களை அப்படியே கூட்டினால் ஆறு ஹெர்ட்ஸ் பீக் தட்டையாகிவிடும்.

அடுத்தது கழித்தல் பிழை. ஆறு ஹெர்ட்ஸ் அகலமான ஒரு லோரன்ட்சியன் வடிவப் பீக்கை, ஒரே ஒரு ஹெர்ட்ஸ் தள்ளி வைத்த அதே பீக்கிலிருந்து கழித்துப் பாருங்கள். மிச்சமாக மேலும் கீழுமாக நெளிகிற ஒரு வடிவம் வரும், அதன் உயரம் மூலப் பீக்கில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். வித்தியாச ஸ்பெக்ட்ரத்தில் காபாவின் உயரம் கிரியேட்டினின் உயரத்தில் சில சதவீதம்தான். அதாவது நாம் தேடுவதைவிடப் பிழை பெரிதாகிவிடுகிறது, அதுவும் அதே இடத்தில். இதனால்தான் ஆன், ஆஃப் இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கிறோம். அடுத்தடுத்த ஜோடிக்கு நடுவே இரண்டே விநாடி, நகர்வு 0.03 ஹெர்ட்ஸ். கிரியேட்டின் மிச்சம் நூற்றில் ஒன்றுக்கும் கீழே நிற்கும். ஆன் 160-ஐ முதலில் முடித்துவிட்டு ஆஃப் 160-ஐத் தொடங்கினால் இடைவெளி ஐந்து ஹெர்ட்ஸுக்கு மேல். அந்த மாதிரி எடுத்த பழைய தரவு யாரிடமாவது இருந்தால் காபா எண்ணை எடுக்கும் முன் நன்றாக யோசிக்கட்டும்.

மூன்றாவது, எடிட்டிங் பல்ஸ் இலக்கைத் தவறுகிறது. பல்ஸ் ஸ்கேனரின் அதிர்வெண்ணில் நிற்கிறது. காபா புலத்தோடு சேர்ந்து நகர்கிறது. பத்து ஹெர்ட்ஸ் நகர்ந்தால் 1.9-இல் விழ வேண்டிய பல்ஸ் 1.98-இலோ 1.82-இலோ விழும். 1.7 பிபிஎம்மில் புரதம் போன்ற பெருமூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் இணை சிக்னலும் 3 பிபிஎம்மில்தான் வருகிறது. பல்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்தால் அவை கூடுதலாகக் கலக்கும், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் குறையும். காபா என்று நாம் எழுதுகிற எண் மாறிவிடும், காபா மாறவே இல்லாமல்.

இவை போக, நீரின் பெரிய சிக்னலை அடக்குவதும் கொஞ்சம் தளரும், வோக்ஸல் இம்மி அளவு இடம் மாறும். இந்த இரண்டும் சிறியவை.

ஸ்கேன் முடிந்தபின் கணினி சரிசெய்யக்கூடியவை முதல் இரண்டும் மட்டுமே. மூன்றாவதை அது தொடக்கூட முடியாது. பல்ஸ் தவறான இடத்தில் விழுந்து பதிவான சிக்னலை எவ்வளவு அழகாக நகர்த்தி வைத்தாலும் அது தவறான பல்ஸின் சிக்னல்தான். நேராக்கிய படத்தைப் பார்த்து "சரி, நகர்வு போய்விட்டது" என்று நிம்மதி அடையும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம்.

காசு செலவில்லாத வழி

ஸ்கேன் வரிசையை மாற்றுவதுதான் முதல் வழி. உடலமைப்புப் படம், உடனே எம்ஆர்எஸ், அதன் பிறகு எஃப்எம்ஆர்ஐ, டிஃப்யூஷன். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். எஃப்எம்ஆர்ஐ நடுவே ஓய்வுநிலை, பணிநிலை என்று ஒப்பிடுகிற ஆய்வுகளில் மட்டும் இது முடியாமல் போகலாம். மற்ற எல்லாவற்றிலும் முடியும்.

ஆனால் நம் ஊர் மருத்துவமனைகளில் ஸ்கேனர் காலையிலிருந்து ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. உங்கள் ஆய்வுக்கு முன்னால் யாருக்கு என்ன ஸ்கேன் நடந்தது என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு ஆய்வில் நானே சிக்கிய இடம் இது. கட்டுப்பாட்டுக் குழுவினர் காலை முதல் ஸ்லாட்டில் வந்தார்கள், நோயாளிகள் வெளிநோயாளர் பிரிவு முடிந்து மதியத்துக்கு மேல் வந்தார்கள். குழு வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. அளவீட்டு வாரியாக அதிர்வெண்ணை வரைந்து பார்த்தபோது, அதே இரண்டு குழுக்களாக நகர்வும் பிரிந்து நின்றது. அந்த முடிவை நாங்கள் எழுதவில்லை. ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல வேண்டிய எண், அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தால் அதை எப்படி எழுதுவது? அதனால் வரிசையை மாற்றுவதோடு, இரு குழுவினரின் நேரத்தையும் கலந்து வையுங்கள்.

பிறகு கணினியில் திருத்துவது

இதில் மூன்று தலைமுறை இருக்கிறது. மிகப் பழையது, ஒவ்வோர் அளவீட்டிலும் ஒரு பீக்கைப் பிடித்து அதன் இடத்தைப் பொருத்தி நகர்த்துவது. கிரியேட்டின், என்ஏஏ (2 பிபிஎம் அருகே வரும் இன்னொரு மூளை வேதிப்பொருள்), அடக்கியபின் மிச்சமிருக்கும் நீர், எதையும் பிடிக்கலாம். பெரிய வோக்ஸலில் கிரியேட்டின் நன்றாக வேலை செய்யும். ஒற்றை அளவீட்டில் இரைச்சல் மேலோங்கினால் பொருத்தம் தடுமாறி, இல்லாத நகர்வைத் திருத்தத் தொடங்கிவிடும். மிச்ச நீர் பெரியதாக இருப்பதால் ஆசை காட்டும். ஆனால் நீரடக்கம் ஸ்கேன் நடுவே மாறினால் அதன் வடிவமே மாறுகிறது, அதைக் கட்டத்தோடு (ஃபேஸ், அதாவது அலை தொடங்கும் நிலை) சேர்த்து நம்ப நான் தயங்குவேன்.

இரண்டாவது, ஸ்பெக்ட்ரல் ரெஜிஸ்ட்ரேஷன். 2015-இல் ஜேமி நியரும் குழுவினரும் வெளியிட்டது. இதில் பீக் எதையும் தேடுவதில்லை. கால வெளியிலேயே ஒவ்வோர் அளவீட்டின் முழு சிக்னலையும் ஒரு மாதிரி சிக்னலோடு வைத்து, எவ்வளவு அதிர்வெண், எவ்வளவு கட்டம் திருப்பினால் இரண்டும் அதிகமாக ஒத்துப்போகும் என்று மீச்சிறு வர்க்க முறையில் தேடுகிறது. எல்லாப் பீக்கின் தகவலும் ஒரே நேரத்தில் பயன்படுவதால் ஒற்றைப் பீக்கைவிட உறுதியானது. இன்று பெரும்பாலானவர்களுக்கு இதுதான் தொடங்க வேண்டிய இடம். எஃப்ஐடி-ஏ, கேனட், ஆஸ்ப்ரே, எஃப்எஸ்எல்-எம்ஆர்எஸ் ஆகிய மென்பொருள்கள் எல்லாமே இதையோ இதன் வகையையோ இலவசமாகத் தருகின்றன. எடிட்டிங் தரவில் ஒரு கவனம் வேண்டும்: ஆன், ஆஃப் இரண்டின் தோற்றமும் வேறு. ஆன் அளவீட்டில் என்ஏஏ அடங்கிவிடும். இரண்டையும் ஒரே ஒரு மாதிரி சிக்னலோடு பொருத்தினால் தப்பு வரும். ஆனைத் தனியாக, ஆஃபைத் தனியாகச் சீர்செய்துவிட்டு, கடைசியில் இரண்டு சராசரிகளையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டவர்களின் வித்தியாச ஸ்பெக்ட்ரத்தில் 3.2-இல் கோலின் நெளிவு நிற்கும். முதலில் அங்கேதான் கண் போக வேண்டும்.

இந்த முறை தடுமாறுகிற இடங்கள், மண்டையோட்டுப் பக்கக் கொழுப்பு வோக்ஸலுக்குள் கசிவதும் நிலையில்லாத மிச்ச நீரும். இவை சிக்னலின் பெரும்பகுதியாக இருந்தால், அவற்றை ஒத்துப்போக வைக்கிற முயற்சியில் நாம் அளக்க வந்த வளர்சிதைப் பொருள்கள் (கிரியேட்டின், காபா போன்றவை) பிசகிவிடும். இதற்காகவே மிக்கெல்சனும் குழுவினரும் 2020-இல் ரோபஸ்ட் ஸ்பெக்ட்ரல் ரெஜிஸ்ட்ரேஷன் வெளியிட்டார்கள். நீர், கொழுப்பு நிலையற்றதா என்று முதலில் பார்த்து அதற்கேற்ப நடந்துகொள்ளும், மாதிரி அளவீட்டையும் கவனமாகத் தேர்ந்தெடுக்கும். கேனட்டில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். நோயாளிகள், குழந்தைகள், நெற்றிப்பக்க வோக்ஸல் என்றால் நேராக இதற்கே போய்விடுங்கள்.

வோக்ஸல் சிறியதாக இருந்தால், தனி அளவீடுகளைத் திருத்துவதற்கு முன் அடுத்தடுத்த நான்கையோ எட்டையோ சேர்த்துக் குழுவாக்குங்கள். குழுவுக்குள் நடக்கும் நகர்வை இழப்போம்தான். நிமிடத்துக்கு ஒரு ஹெர்ட்ஸ் என்றால் எட்டு அளவீட்டில் கால் ஹெர்ட்ஸ் சுமார். இரைச்சலைத் துரத்துவதைவிட அது மேல்.

மூன்றாவது ஆழ்கற்றல். நகர்வைச் செயற்கையாகக் கூட்டிய ஸ்பெக்ட்ரங்களைக் கொண்டு நரம்பு வலைக்குப் பயிற்சி கொடுத்து, ஒரே பார்வையில் அதிர்வெண், கட்டப் பிழையைச் சொல்ல வைப்பது. 2021 முதல் நல்ல கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. இதன் பலம் வேகம். ஆயிரக்கணக்கான வோக்ஸல் உள்ள எம்ஆர்எஸ்ஐ தரவில் அந்த வேகம் நிஜமாகவே உதவும். ஒற்றை வோக்ஸல், 320 அளவீடு என்றால் பழைய முறையே டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். பயிற்சியில் பார்க்காத கொழுப்பும் அசைவும் உங்கள் தரவில் இருந்தால் வலை என்ன செய்யும் என்பதை நீங்களே சோதித்துப் பார்த்தாக வேண்டும். இப்போதைக்கு ஒற்றை வோக்ஸலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த மூன்றுக்கும் ஒரே நிபந்தனை, ஒவ்வோர் அளவீடும் தனித்தனியாகச் சேமித்திருக்க வேண்டும். ஸ்கேனர் சராசரி எடுத்துத் தந்த ஒற்றை ஸ்பெக்ட்ரத்தில் திருத்த ஒன்றுமே இல்லை. சீமென்ஸ் என்றால் ட்விக்ஸ் கோப்பு, ஜிஇ என்றால் பி-ஃபைல் கேட்டு வாங்குங்கள். அன்றே கேளுங்கள், ஸ்கேனரின் வட்டில் அவை ரொம்ப நாள் தங்காது.

ஸ்கேன் ஓடும்போதே திருத்துவது

இங்கே நடப்பது எளிது. சில அளவீடுகளுக்கு ஒருமுறை நீரை அடக்காமல் ஓர் அளவீடு எடுத்து, அதில் நீரின் அதிர்வெண்ணைப் பார்த்து, ஸ்கேனரின் அதிர்வெண்ணை உடனே மாற்றிக்கொள்வது. நீரின் சிக்னல் அவ்வளவு பெரியது என்பதால் ஒரே அளவீட்டில் இடம் துல்லியமாகத் தெரியும். பல்ஸ், வோக்ஸல், நீரடக்கம் எல்லாமே அடுத்த அளவீட்டில் சரியான இடத்துக்குத் திரும்பும். எடிட்டிங் பல்ஸ் இலக்கைத் தவறும் அந்த மூன்றாவது கேட்டுக்கு மருந்து இது ஒன்றுதான்.

நேரச் செலவு நினைப்பதைவிடக் குறைவு. 16 அளவீட்டுக்கு ஒரு நீர் என்றால் 320-க்கு 20 நீர் அளவீடு, 40 விநாடி. அதே நீரை மற்றப் பொருள்களின் அளவைக் கணக்கிடும் ஒப்பீடாகவும் பயன்படுத்தலாம் என்பதால் அந்த 40 விநாடி வீணும் இல்லை. நிஜமான செலவு வேறு. அந்த வசதி உள்ள சீக்வென்ஸ் (ஸ்கேனை நடத்தும் நிரல்) உங்கள் ஸ்கேனரில் இருக்க வேண்டும். பல இடங்களில் அது நிறுவனத்தோடு ஆய்வு ஒப்பந்தம் போட்டால்தான் கிடைக்கும், ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வாங்கவே மாதங்கள் ஆகும். இன்னொரு ஆபத்தும் உண்டு: நீர் எடுக்கிற நேரம் பார்த்து ஒருவர் எச்சில் விழுங்கினாலோ இருமினாலோ தப்பான அதிர்வெண் பதிவாகி, அடுத்த 16 அளவீடும் அதைப் பின்தொடரும். ஒரே தடவையில் இத்தனை ஹெர்ட்ஸுக்கு மேல் மாறாதே என்று வரம்பு வைக்க முடிகிற சீக்வென்ஸாகப் பாருங்கள்.

அதிகம் அசைகிறவர்களுக்கு அதிர்வெண் மட்டும் போதாது, தலையின் இடமும் ஷிம்மும் மாறும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஹெஸ்ஸும் குழுவினரும் 2011-இல் கொண்டுவந்த வால்யூம் நேவிகேட்டர் இதற்குத்தான். ஒவ்வோர் அளவீட்டுக்கும் நடுவே உள்ள ஓய்வு நேரத்தில் தலையை ஒரு குட்டி முப்பரிமாணப் படம் எடுத்து, இடத்தையும் புலத்தையும் சேர்த்துச் சரிசெய்கிறது. குழந்தைகளை ஸ்கேன் செய்கிறவர்களுக்கு இதற்காக மெனக்கெடுவது தகும்.

சரி, யாருக்கு எது?

என்ஏஏ, கிரியேட்டின், கோலின் மட்டும் பார்க்கிற சாதாரண பிரெஸ் (எடிட்டிங் இல்லாத ஒற்றை வோக்ஸல் அளவீடு) என்றால் வரிசையை மாற்றி, தனி அளவீடுகளைச் சேமித்து, ஸ்பெக்ட்ரல் ரெஜிஸ்ட்ரேஷன் செய்தால் முடிந்தது. எடிட்டிங் பல்ஸ் இல்லாத இடத்தில் அது தவறும் கவலையும் இல்லை.

பெருமூலக்கூறோடு சேர்ந்த காபா அளவு என்றால், அதே வழியில் ரோபஸ்ட் வகையைப் பயன்படுத்துங்கள். ஸ்கேனரில் நேரடித் திருத்தம் இருந்தால் அதையும் போடுங்கள், இல்லை என்பதற்காக ஆய்வைக் கைவிட வேண்டாம். ஒவ்வொருவரின் சராசரி நகர்வையும் எழுதி வைத்து, குழுக்களுக்கு நடுவே அது வேறுபடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பெருமூலக்கூறை நீக்கிய காபா என்றால் என் நிலைப்பாடு கடுமையானது. அங்கே ஆன் பல்ஸ் 1.9-இல், ஆஃப் பல்ஸ் 1.5-இல், நடுவில் 1.7-இல் பெருமூலக்கூறு. இரண்டும் அதிலிருந்து 0.2 பிபிஎம் தள்ளி ஒரே அளவு தொடுவதால் கழிக்கும்போது அது ரத்தாகிறது. பத்து ஹெர்ட்ஸ் நகர்ந்தால் ஒரு பக்கம் 0.28, மறு பக்கம் 0.12. சமன் போய்விடும். ஸ்கேன் நடுவே திருத்தும் வசதி இல்லாமல் இந்த அளவீட்டைத் தொடங்காதீர்கள். 2016-இல் எட்டனும் குழுவினரும் இதற்கென்றே நேரடித் திருத்தத்தைச் செய்து காட்டினார்கள்.

நேரடித் திருத்தம் இருந்தாலும் கணினித் திருத்தத்தை விட்டுவிட முடியாது. 16 அளவீட்டுக்கு ஒருமுறை மாற்றும்போது நடுவில் நகர்வதும், தலை அசைவால் கட்டம் மாறுவதும் மிச்சம் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் உங்கள் ஸ்கேனரை ஒரு மாலை நேரம் அளந்து பாருங்கள். ஃபேன்டத்தை முந்தின நாளே ஸ்கேன் அறையில் வைத்துவிடுங்கள். நீரின் அதிர்வெண் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.01 பிபிஎம் மாறும், 3 டெஸ்லாவில் ஏறக்குறைய 1.3 ஹெர்ட்ஸ். ஏசி அறையிலிருந்தோ வெயிலிலிருந்தோ தூக்கி வந்த ஃபேன்டம் ஆறுவதையும் சூடேறுவதையும் காந்தத்தின் நகர்வு என்று எழுதிவிடுவோம். ஐந்து நிமிடம் நீர் அடக்காத பிரெஸ், பத்து நிமிடம் உங்கள் வழக்கமான எஃப்எம்ஆர்ஐ, பிறகு அரை மணி நேரம் மறுபடி பிரெஸ். ஸ்கேனர் தானாக அதிர்வெண்ணைச் சரிசெய்யும் வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். அந்த அரை மணி நேரக் கோடு எங்கே தட்டையாகிறதோ, அதற்கு முந்தைய நிமிடங்களில் எம்ஆர்எஸ் போடாதபடி உங்கள் ஸ்கேன் வரிசையை எழுதிக்கொள்ளலாம்.